கலங்கலா, தெளிவா? தொலைவிலிருந்து சிறுநீரகம் காக்கும் கருவிகள்: ஒரு மதிப்பீடு

மருத்துவமனைக்கும் நோயாளிக்கும் நடுவே கிடக்கும் தூரத்தை மின்னணுக் கருவிகள் சுருக்கிவிடும் என்று இன்று எங்கும் பேசப்படுகிறது. கைப்பேசியில் ஒரு செயலி, வீட்டில் ஓர் இயந்திரம், மருத்துவர் மேசையில் ஒரு திரை. இவை இருந்தால் போதும், நோயாளி ஊரைவிட்டு நகர வேண்டியதே இல்லை என்கிறார்கள். இந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை இருக்கிறது? சிறுநீரக நோயை எடுத்துக்கொண்டு, இதுவரை கையாளப்பட்டுள்ள நான்கு வழிகளைச் சீர்தூக்கிப் பார்ப்போம்.

சீர்தூக்க ஒரு தராசு வேண்டுமல்லவா? ராதாபுரத்தையே தராசாக வைத்துக்கொள்வோம். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், தாமிரபரணிப் பாசனத்துக்குத் தெற்கே இருக்கும் வறண்ட பூமி அது. பனை மரங்கள், உடை மரங்கள், காற்றாலைகள். கடலோரத்தில் இடிந்தகரை, உவரி போன்ற மீனவர் ஊர்கள். பாளையங்கோட்டையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டுமானால் வள்ளியூர், நாங்குநேரி வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பஸ்ஸில் போய், வரிசையில் நின்று, மருத்துவரைப் பார்த்துத் திரும்புவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும்.

அந்த வட்டாரத்தில் ஒரு வீட்டை மனத்தில் கற்பனை செய்துகொள்ளுங்கள். பீடி சுற்றும் நடுவயது அம்மாள் ஒருவர். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இப்போது இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி; காலையில் மகன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறான். இந்த அம்மாளுக்கு உதவாத கருவி, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நம் தராசில் எடை பெறாது.

வீட்டுக்குள் வந்த சுத்திகரிப்பு

கருவிகளைப் பார்ப்பதற்கு முன், நோயைப் பற்றிச் சில வார்த்தைகள். நம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள் என்னும் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டி, பெரும்பகுதியைத் திரும்பவும் உடலுக்கே கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. நெஃப்ரான்கள் பாதிக்கு மேல் அழிந்த பின்னும் உடல் வெளியே எதையும் காட்டிக்கொள்ளாது. வீக்கமும் மூச்சுத் திணறலும் வரும்போது காலம் கடந்திருக்கும்.

சிறுநீரகம் அடியோடு செயலிழந்தால் மாற்றுச் சிறுநீரகம் பொருத்த வேண்டும்; அல்லது டயாலிசிஸ் செய்ய வேண்டும். டயாலிசிஸ் இரு வகைப்படும். ஒன்று, மருத்துவமனை இயந்திரத்தில் இரத்தத்தைச் செலுத்திச் சுத்தம் செய்வது. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். மற்றொன்று, வயிற்றுவழி டயாலிசிஸ். வயிற்றறையின் உட்புறத்தில் பெரிட்டோனியம் என்னும் மெல்லிய சவ்வு இருக்கிறது. வயிற்றில் பொருத்திய ஒரு சிறு குழாய் வழியே சர்க்கரைச் சத்து கலந்த 2 லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, 4 முதல் 6 மணி நேரம் வைத்திருந்தால், இரத்தத்திலுள்ள கழிவும் மிகுதியான நீரும் அந்தச் சவ்வின் வழியே திரவத்துக்குள் கசிந்து வரும். பிறகு அதை வடித்துவிட்டுப் புதிய பையை மாட்ட வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை. மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம், தூய்மையான கையும் பழக்கமும் போதும்.

1976இல் அமெரிக்காவில் பாப்போவிச், மான்கிரீஃப் என்னும் இருவர் இந்த முறையை வகுத்தார்கள். 1991 முதல் இந்தியாவிலும் செய்யப்படுகிறது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இந்தத் திரவப் பைகளை நோயாளியின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதும் ஒரு பகுதி. ராதாபுரத்து அம்மாளுக்கு இது பெரிய வரம். ஆனால் பை வீட்டுக்கு வந்துவிட்டால் மருத்துவரின் கண்ணும் கூடவே வந்துவிடுமா? நம் ஆராய்ச்சிக்குரிய கேள்வி இதுதான்.

தொலைவிலிருக்கும் மருத்துவர் அன்றாடம் தெரிந்துகொள்ள வேண்டியவை அதிகமில்லை. வடிந்த திரவம் தெளிவாக இருக்கிறதா, கலங்கலாக இருக்கிறதா? உள்ளே போனதைவிடக் கூடுதலாக வெளியே வந்ததா? உடல் எடை, கால் வீக்கம், இரத்த அழுத்தம் எப்படி? குழாய் பொருத்திய இடம் சிவந்து சீழ் பிடித்திருக்கிறதா? இந்த நான்கில் முதலாவது மிக அவசரமானது. திரவம் கலங்கினால் வயிற்றறைச் சவ்வில் கிருமி புகுந்துவிட்டது என்று ஐயப்பட வேண்டும். சில மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி மருந்து தொடங்க வேண்டும். இரண்டு மூன்று நாள் தள்ளிப் போனால் குழாயை எடுத்துவிட நேரலாம், உயிரே போகலாம்.

கணிப்பொறி இல்லாத முன்னோடி

நாம் முதலில் பார்க்கும் வழியில் மின்னணுக் கருவி எதுவுமே கிடையாது. ஆனாலும் பின்னால் வந்தவற்றை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

சென்னையைச் சேர்ந்த சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணியின் வழிகாட்டுதலில் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளை, சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களில் 1990களின் பிற்பகுதியில் ஒரு பணியைத் தொடங்கியது. சுமார் 25,000 மக்கள். அவர்களைத் தேடி வீடு வீடாகப் போனவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள். எளிய கேள்விகள் சில கேட்டார்கள், இரத்த அழுத்தம் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தைச் சில சொட்டு விட்டால், புரதம் இருக்குமானால் அது கலங்கும். இல்லையானால் தெளிவாகவே இருக்கும். சர்க்கரைக்குப் பெனடிக்ட் கரைசல். பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் நீங்களே பார்த்திருப்பீர்கள். குறை கண்டவர்களை மட்டும் மருத்துவர் பார்த்து, விலை குறைந்த மாத்திரைகளைக் கொடுத்தார். செலவு, மக்கள் தொகையில் தலைக்கு ஆண்டொன்றுக்கு ஓர் அமெரிக்க டாலரில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது மலிவு மட்டுமன்று. தெளிந்த நீர் எது, கலங்கிய நீர் எது என்று குளத்துத் தண்ணீர் மொண்ட எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றின்மேல் இந்தச் சோதனை நிற்கிறது. அதைவிட முக்கியம், கலங்கல் தெரிந்தவுடன் அடுத்துச் செய்ய வேண்டியது என்ன, செய்ய வேண்டியவர் யார் என்பது முன்பே முடிவாகியிருந்தது. காண்பதும் செய்வதும் ஒரே சங்கிலியாக இருந்தன. நல்ல கருவிக்கு இலக்கணம் இதுவே என்பேன்.

இதன் குறை என்ன? பெண் பணியாளர் அடுத்த முறை வரும்வரை இடையில் நடப்பது எவருக்கும் தெரியாது. நோயைத் தொடக்கத்தில் கண்டுபிடிக்க அந்த இடைவெளி பொருட்டில்லை. ஆனால் தினமும் பை மாற்றுகிறவருக்கு அது போதாது.

சாதாரணக் கைப்பேசி செய்த வேலை

இரண்டாவது வழி ஹைதராபாத்தில் நடந்தது. வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்ளும் கிராமத்து நோயாளிகளையும் நகரத்து நோயாளிகளையும் மருத்துவர் கே.எஸ். நாயக் குழுவினர் தொலைவிலிருந்து கண்காணித்தார்கள். அதன் விவரம் 2012இல் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. பயிற்சி பெற்ற பணியாளர் வீட்டுக்கு நேரில் சென்றார். இடைப்பட்ட நாட்களில் கைப்பேசியும் குறுஞ்செய்தியும் செய்தி கொண்டுவந்தன. பெரிய கணிப்பொறித் திட்டம் எதுவும் அதில் இல்லை. கிராமத்து நோயாளிகள் உயிர் பிழைத்திருப்பதில் நகரத்தாருக்குச் சற்றும் பின்தங்கவில்லை என்று தெரிந்தது. ‘படிக்காதவர், தூரத்தில் இருப்பவர், வீட்டில் இதைச் செய்ய முடியாது’ என்ற பழைய எண்ணத்துக்கு இது தக்க மறுப்பு.

வெற்றிக்குக் காரணம் கைப்பேசியா? கைப்பேசிக்குப் பின்னால், நோயாளியின் வீட்டு வாசலைப் பார்த்திருந்த ஒரு மனிதர் இருந்தார். அவர் யார் என்று நோயாளிக்குத் தெரியும்; நோயாளி யார் என்று அவருக்கும் தெரியும். இந்த மனிதரை நீக்கிவிட்டுக் கைப்பேசியை மட்டும் எடுத்துக்கொள்வது, கிணற்றை விட்டுவிட்டு வாளியை மட்டும் வாங்கிவருவதற்குச் சமம்.

தானே பேசும் இயந்திரம்

மூன்றாவது வழியில் நோயாளி எதையும் எழுதி அனுப்ப வேண்டியதில்லை. இரவு தூங்கும்போது திரவத்தை உள்ளே விட்டு வெளியே எடுக்கும் தானியங்கி இயந்திரங்கள் வெகுகாலமாக இருக்கின்றன. அவற்றோடு செய்தி அனுப்பும் கருவியையும் இணைத்துவிட்டார்கள். பாக்ஸ்டர் நிறுவனம் கொண்டுவந்த ‘ஷேர்சோர்ஸ்’ இவ்வகையில் பெயர் பெற்றது. எவ்வளவு திரவம் போனது, எவ்வளவு வந்தது, நடுவில் எங்கே தடைப்பட்டது என்பதெல்லாம் விடிந்ததும் மருத்துவமனைத் திரைக்குப் போய்விடும். மருத்துவர் அங்கிருந்தபடியே அளவை மாற்றலாம். கொலம்பியா நாட்டில் இம்முறையைக் கையாண்டவர்கள் மருத்துவமனையில் படுக்க நேர்ந்த தடவைகளும் நாட்களும் குறைந்தன என்று 2019இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

நோயாளியின் தலைமேல் எழுத்து வேலையைச் சுமத்தாத அமைப்பு என்ற வகையில் இதைப் பாராட்ட வேண்டும். ஆனால் ராதாபுரத் தராசில் வைத்துப் பாருங்கள். மின்சாரமே வேண்டாம் என்பது கையால் பை மாற்றும் முறையின் தனிச்சிறப்பு. இயந்திரமோ இரவு முழுவதும் தடையில்லாத மின்சாரம் கேட்கிறது. நள்ளிரவில் எச்சரிக்கை மணி அடித்தால் எழுந்து என்ன செய்வது என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். விலையும் கூடுதல். அளவுகளை இயந்திரம் தானாகச் சொல்லிவிடும்; ஆனால் வடிந்த திரவம் கலங்கியிருக்கிறதா என்று பார்க்க அப்போதும் ஒரு கண் வேண்டும்.

நிறம் படிக்கும் செல்போன்

நான்காவது, சிறுநீரில் புரதத்தைக் கண்டறிய இஸ்ரேல் நிறுவனம் ஒன்று செய்த ஏற்பாடு. இங்கிலாந்தின் பொது மருத்துவத் துறையும் இதைப் பயன்படுத்தியிருக்கிறது. சோதனைத் தாள்பட்டையைச் சிறுநீரில் தோய்த்து, பல வண்ணக் கட்டங்கள் அச்சிட்ட ஓர் அட்டைமேல் வைத்துச் செல்போனால் படம் எடுக்க வேண்டும். ஏன் அந்த அட்டை? மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் ஒரு நிறம், குழல் விளக்கில் ஒரு நிறம், முற்றத்து வெயிலில் வேறு நிறம். அட்டையிலுள்ள கட்டங்களின் உண்மை நிறம் கருவிக்குத் தெரியுமாதலால், வெளிச்சத்தால் வரும் பிழையை அது கழித்துவிடுகிறது.

இது கூர்மையான யோசனை. வீட்டில் வெளிச்சம் ஒழுங்காக இருக்காது என்பதை ஏற்றுக்கொண்டு, அதற்கு விடையும் கண்டிருக்கிறார்கள். வீடு கருவிக்காக மாறவில்லை. கருவி வீட்டுக்காக மாறியிருக்கிறது. ஆனால் நல்ல செல்போனும் இணையமும் வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் தாள்பட்டைக்கு விலை உண்டு. கலங்கலைக் கண்ணால் பார்க்கும் அந்தச் சென்னைக் கிராமத்துச் சோதனையோடு ஒப்பிட்டால் துல்லியம் இங்கே கூடுதல். எத்தனை வீட்டுக்கு எட்டும் என்பதில் அது முந்தும்.

எங்கே இடறுகிறோம்?

இந்த நான்கையும் வைத்துப் பார்க்கும்போது, நோயாளிக்கென்று செய்யப்படும் செயலிகள் எங்கெங்கே இடறக்கூடும் என்பது தெளிவாகிறது.

முதலாவது, சொல். நம் ஊர்களில் இரத்தத்தில் யூரியா, கிரியாட்டினின் கூடிவிட்டதை ‘உப்பு கூடிவிட்டது’ என்றுதான் சொல்கிறார்கள். செயலி ‘உப்பைக் குறையுங்கள்’ என்கிறது. சமையல் உப்பையா, சோதனைச் சீட்டில் உள்ள ‘உப்பை’யா? சமையல் உப்பை அடியோடு நிறுத்திவிட்டால் கிரியாட்டினின் இறங்கிவிடும் என்று எண்ணி மருந்தை விட்டுவிடவும் கூடும். அகராதியை வைத்து மொழிபெயர்த்தால் இந்தக் குழப்பம் தீராது. அந்த அம்மாள் எந்தச் சொல்லால் நினைக்கிறாரோ அந்தச் சொல்லிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாவது, உணவுப் பட்டியல். ‘சிறுநீரக நோயாளிக்கான உணவு’ என்று எல்லாருக்கும் ஒரே பட்டியல் கொடுப்பது தவறு, ஆபத்தும்கூட. இயந்திர டயாலிசிஸ் செய்பவருக்குப் பொட்டாசியம் தேங்கும். இளநீர்கூட அவருக்கு நஞ்சாகலாம். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவரிடமோ பொட்டாசியம் குறைந்துபோவதும் உண்டு. அவர் நாள்தோறும் வடியும் திரவத்தில் பல கிராம் புரதத்தை இழக்கிறார். ஆகவே முட்டையும் மீனும் அவருக்குத் தேவை. எந்த வகை நோயாளி என்று கேளாமல் பட்டியல் நீட்டும் செயலியை நான் மருத்துவக் கருவி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். பட்டியலில் ஊர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பதநீரும் நுங்கும் கருவாடும் முருங்கைக் கீரையும் இல்லாத பட்டியல் ராதாபுரத்துக்கு எதற்கு?

மூன்றாவது, கணக்கு. 2,000 மில்லிலிட்டர் உள்ளே போய் 2,300 வெளியே வந்தால் 300 மில்லிலிட்டர் நீர் உடலைவிட்டுப் போயிருக்கிறது. இந்தக் கழித்தலை நோயாளி செய்து, முடிவை நான்கு கட்டத்தில் நிரப்ப வேண்டும் என்று எதிர்பார்க்கலாமா? இயந்திரம் எதற்கு இருக்கிறது? தராசு காட்டும் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு மீதியை அது செய்ய வேண்டும்.

நான்காவது, மறுமுனை. குறைகளில் தலையாயது இதுதான். நோயாளி ‘கலங்கல்’ என்று பதிந்துவிட்டார். மணி இரவு பத்து. யார் பார்ப்பார்கள்? எத்தனை மணி நேரத்துக்குள்? ‘தங்கள் தகவல் பெறப்பட்டது, நன்றி’ என்று திரையில் ஒரு வரி வருமானால், அந்த வரி கொலைகாரத்தனமானது. யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று நம்பி அந்த அம்மாள் விடியும்வரை காத்திருப்பார். செயலியே இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக்கொண்டு அப்போதே புறப்பட்டிருப்பார்!

‘ஆய்வுகள் என்ன சொல்கின்றன?’ என்று கேட்பீர்கள். நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கான மின்னணு ஏற்பாடுகளைப் பற்றி 43 ஆய்வுகளை, 6,617 நோயாளிகளின் விவரங்களை, ஒன்றுதிரட்டிக் காக்ரேன் அமைப்பு 2019இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. உப்பையும் நீரையும் கட்டுப்படுத்துவதில் ஓரளவு பயன் இருக்கக்கூடும். மற்றபடி உறுதியாகச் சொல்லுமளவுக்குச் சான்றுகளின் தரம் இல்லை என்பதே அதன் சாரம். கருவி வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. கருவி பெருகிய வேகத்தில் அதைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு பெருகவில்லை என்று பொருள்.

எப்படி இருக்க வேண்டும்?

குறை சொல்லிவிட்டு ஒதுங்குவது முறையன்று. ராதாபுரத்து வீட்டுக்கு ஏற்ற கருவி எப்படி இருக்கலாம்?

வயிற்றுவழி டயாலிசிஸ் கற்றுக்கொடுக்கும்போது ஓர் எளிய உத்தியைச் சொல்வார்கள். வடிந்த பையை அச்சடித்த தாளின்மேல் வைத்துப் பாருங்கள். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் திரவம் தெளிவு, மங்கினால் கலங்கல். வீட்டில் கிடக்கும் பழைய ‘தினத்தந்தி’யே போதும். கைப்பேசி இருக்கும் நேரத்தில் அதையே படம் எடுத்து அனுப்பலாம். வெறும் பையைப் படம் எடுத்தால் விளக்கின் மஞ்சளா, திரவத்தின் மஞ்சளா என்று மருத்துவர் திண்டாடுவார். பின்னால் எழுத்து இருந்தால் படிக்க முடிகிறதா இல்லையா என்பதே விடை. வண்ணக் கட்டம் அச்சிட்ட அட்டை செய்த வேலையைச் செய்தித்தாள் செய்துவிடுகிறது.

கேள்விகள் நான்குக்கு மேல் வேண்டாம். அவை எழுத்தில் மட்டுமின்றிக் குரலிலும் வர வேண்டும். ஆங்கிலக் கடவுச்சொல் கேட்கக் கூடாது. சாதாரண பட்டன் செல்போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தாலும் மறுமுனை திருப்பிக் கூப்பிட வேண்டும். இணையம் அறுந்தால் பதிந்தது அழியாமல் காத்திருக்க வேண்டும். மகன் கைப்பேசியோடு போய்விட்டால்? சுவரில் மாட்டும் ஓர் அட்டை. அதில் தேதிவாரியாகப் பென்சிலால் எடையைக் குறித்துவைக்கலாம். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் அந்த அட்டையைத் தம் கருவியில் ஏற்றிக்கொள்ளட்டும். மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவே நடமாடும் மனிதர் ஏற்கெனவே இருக்கிறார். கருவியை அவர் கைக்கு ஏற்றபடி செய்வது அறிவுடைமை. அவருக்குப் பதிலாகக் கருவியை வைப்பது சிக்கனம்போலத் தோன்றும் நட்டம். எழுத்து வேலையை அவர் தலையில் கூட்டாமல், அவர் இப்போது எழுதும் பேரேடுகளில் ஒன்றையாவது குறைத்தால்தான் அந்தக் கருவி அவருக்கும் நண்பன்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, ‘கலங்கல்’ என்ற செய்தி வந்தால் இத்தனை நிமிடத்துக்குள் இன்னார் பேசுவார். அவர் பேசாவிட்டால் அடுத்தவர் பேசுவார் என்று பெயரோடு எழுதிவைத்திருக்க வேண்டும். அதுவரை காத்திராமல், கலங்கிய பையைக் கொட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள் என்று கருவியே முதலில் சொல்ல வேண்டும்.

வாசகர்களே! உங்களில் சிலர் பொறியியல் கல்லூரியில் இத்தகைய செயலிகளைச் செய்துகொண்டிருக்கலாம். சிலர் வீட்டில் சிறுநீரக நோயாளி இருக்கலாம். யாராக இருந்தாலும், புதிய கருவி ஒன்று கைக்கு வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நோயாளி தம் கண்ணால் ஏற்கெனவே காண்பதை இது கேட்கிறதா? வீட்டில் உள்ள வெளிச்சம், மின்சாரம், கைப்பேசி இவற்றோடு ஒத்துப்போகிறதா? பதிலுக்கு ஒரு மனிதர் வருவாரா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். மூன்றாவதற்கு ‘இல்லை’ என்றால், முதல் இரண்டும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.